ஏழாம் அத்தியாயம்: பழைய ஈய உருவங்களுக்கு வண்ணம் தீட்டுதல்

கட்டைவிரலின் மேல் கணு அளவுதான் இருக்கும். ஆனால் உள்ளங்கையில் வைத்தவுடன் கனம் தெரியும். பிளாஸ்டிக் உருவங்களோடு மட்டும் பழகிய கைக்கு அது புதிது. இந்த அத்தியாயம் முழுக்க என் மேசையில் நிற்கப்போவது அப்படி ஒரு கோப்ளின்தான். 1980களில் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் சிட்டாடெல் நிறுவனம் வார்த்தது. நம் ஊர்க் குட்டிச்சாத்தானுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட மூக்கு, காதுவரை போகும் இளிப்பு, கையில் ஒரு வளைந்த கத்தி, இடுப்பில் கந்தல்.

படை படையாகத் தீட்டும்போது மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் எடுப்பாகத் தெரிந்தால் போதும். சேகரிப்பாளர் அப்படிப் பார்ப்பதில்லை. ஒற்றை உருவத்தை எடுத்து, விளக்கடியில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். நம் கைவேலையைப் பார்ப்பதற்கு முன்னால், அதை முதலில் செதுக்கியவரின் கைவேலை தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். வருடா வருடம் கொலுவுக்கு முன்னால் பெயின்ட் அடித்து அடித்து, மூக்கும் முழியும் மழுங்கி, எது கிருஷ்ணர் எது ராதை என்றே தெரியாமல் போன பொம்மைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாசத்தோடு செய்த வேலைதான். ஆனால் பொம்மை போய்விட்டது. நாற்பது வயதான ஈய உருவத்துக்கு அந்தக் கதி வரக் கூடாது. மெல்லிசாகப் பூச வேண்டும், பின்னால் திருத்த முடியாத எதையும் செய்யக் கூடாது. இனிமேல் சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டிலிருந்து வருவதுதான்.

எந்த ஈயம், யார் கை

பேச்சில் ஈயம் என்று சொன்னாலும் இதில் இருப்பது இரண்டு உலோகம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். அதோடு காரீயமும் கலந்ததுதான் அந்தக் காலத்து மினியேச்சர். வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும், காரீயத்துக்கு 327. சரியான அளவில் கலந்தால் இரண்டும் சேர்ந்து 183 டிகிரியிலேயே உருகிவிடும். சுழலும் ரப்பர் அச்சின் நடுவில் இதை ஊற்றினால், சுழற்சியின் வேகத்தில் ஓரங்களுக்கு ஓடி, நகத்தால் கீறிய மாதிரியான கோடுகளில்கூடப் போய் நிறையும். அதனால்தான் செதுக்கியவர் விட்ட ஒவ்வொரு கீறலும் வார்ப்பில் நமக்குக் கிடைக்கிறது. 1997இல், சிட்டாடெலின் தாய் நிறுவனமான கேம்ஸ் ஒர்க்‌ஷாப் காரீயத்தைக் கைவிட்டுக் காரீயமில்லாத வெள்ளை உலோகத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய உருவம் எதுவானாலும் காரீயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கை வையுங்கள்.

பிரையன் ஆன்செலும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பும் சேர்ந்து 1979இல் நியூவார்க் என்ற சிற்றூரில் தொடங்கியது சிட்டாடெல். 1983இல் வார்ஹாமர் விளையாட்டின் முதல் பதிப்பு வந்தது. அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் சின்சினாட்டியில், 1975 முதல் ரால் பார்த்தா நிறுவனம் டாம் மையரின் உருவங்களை வார்த்துக்கொண்டிருந்தது. பெயர்களை அடுக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. செதுக்கியவர் யார் என்று தெரிந்தால் எங்கே தூரிகை வைக்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். பெர்ரி இரட்டையர்களின் வீரர்களில் உடை மடிப்பும் நிற்கும் தோரணையும் இயல்பாக இருக்கும், அங்கே துணிக்கு நேரம் கொடுங்கள். ஜெஸ் குட்வினின் கவசங்களில் விளிம்புகள் கத்தி மாதிரி இருக்கும், விளிம்பைக் கெடுக்காதீர்கள். கெவின் ஆடம்ஸ் என்றால் முகம். என் மேசையில் நிற்கிற கோப்ளின் அவருடையது.

உருவத்தின் வயதை அடியிலேயே பார்க்கலாம். பழையவற்றில் பாதத்தோடு சேர்த்தே ஓர் உலோகத் தட்டு வார்க்கப்பட்டிருக்கும். 1980களின் நடுவில் பாதத்துக்குக் கீழே ஒரு பட்டை வந்தது. அதைக் கறுப்பு பிளாஸ்டிக் அடித்தட்டின் வெட்டில் செருக வேண்டும். அந்தப் பட்டையின் பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயர், ஆண்டு, சில சமயம் அந்தக் கதாபாத்திரத்தின் பெயர்கூட இருக்கும். ஒட்டுவதற்கு முன்னால் அதைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பார்க்க முடியாது. எழுத்துகள் கரைந்த மாதிரி இருந்து, உருவமும் அசலைவிட ஒரு இழை சிறுத்திருந்தால், அது அசலிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்த நகலாக இருக்கலாம். அச்சும் உலோகமும் ஆறும்போது சுருங்குவதால் இது நடக்கிறது. நகலுக்கும் தாராளமாக வண்ணம் தீட்டலாம், ஆனால் அசல் என்று சொல்லிக் கைமாற்றாதீர்கள்.

பழைய பெயின்டை எடுப்பதா, விடுவதா

தொடங்கிய புதிதில் ஆகர் என்ற ராட்சத உருவம் ஒன்றை வாங்கினேன். எனாமல் பெயின்ட், தடியான பூச்சு. பார்த்ததும் அசிட்டோனில் போட்டுவிட்டேன். எடுத்துக் கழுவியபோதுதான் அடித்தட்டின் கீழே பேனாவால் எழுதிய இரண்டு எழுத்துகளும் 1985 என்ற ஆண்டும் கரைந்துகொண்டிருந்தது தெரிந்தது. கேடயத்தில் யாரோ பொறுமையாக ஒரு நிலவை வரைந்திருந்தார்கள். அதுவும் போயிற்று. அந்த ஆகர் இப்போதும் என்னிடம் இருக்கிறது, நன்றாகவே தீட்டியிருக்கிறேன். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நிலவுதான் நினைவுக்கு வரும்.

ஆகவே முதலில் பாருங்கள். அடியில் கையெழுத்து இருக்கிறதா? கேடயத்திலும் கொடியிலும் கையால் வரைந்த படம் இருக்கிறதா? பூச்சு மெல்லிசாக, விவரத்தை மறைக்காமல் இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். உதிர்ந்த இடத்தை மட்டும் தொட்டு, தூசியை மெல்லிய பிரஷால் தட்டினால் போதும். அந்தக் காலத்து வேலைக்காகவே தேடுகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

எடுக்கத்தான் வேண்டும் என்றால் அசிட்டோனைவிடப் பொறுமையான வழி நம் வீட்டிலேயே இருக்கிறது: டெட்டால். இங்கிலாந்தில் இந்த வேலைக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் உருவம் மூழ்கும்வரை தண்ணீர் கலக்காத டெட்டாலை ஊற்றி ஒரு நாள் விடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு பழைய டூத் பிரஷால் தேய்த்தால் பெயின்ட் கழன்று வரும். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். உடனே குழாயடியில் காட்டினால் கழன்ற பெயின்ட் பிசின் மாதிரி மறுபடி ஒட்டிக்கொள்ளும். இன்னொரு கிண்ணத்தில் புது டெட்டால் ஊற்றி அதில் அலசி, துடைத்து, அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர். அசிட்டோன் வேகமாக வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக் அடித்தட்டையும் அந்தக் காலத்து பிளாஸ்டிக் கேடயத்தையும் குழம்பாக்கிவிடும். அவற்றைக் கழற்றாமல் போடவே கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. இங்கே புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். அதிலும் வினிகர் காரீயத்துக்கு நேர் எதிரி.

வெள்ளைப் பொடி

பெட்டியைத் திறந்ததும் உருவத்தின் மேல் மாவு தூவிய மாதிரி வெள்ளை படர்ந்திருந்தால் அது தூசி இல்லை. காற்றில் உள்ள அசிட்டிக் அமில ஆவி காரீயத்தை அரித்து, காற்றின் கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து காரீயக் கார்பனேட் ஆக்கியிருக்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள் வெள்ளை நிறத்துக்குப் பயன்படுத்தியது இந்தப் பொருளைத்தான். அவர்கள் காரீயத் தகட்டை வினிகர் ஆவியில் வைத்து வேண்டுமென்றே அரிக்கவிட்டார்கள். நம் அலமாரியில் அது வேண்டாமலே நடக்கிறது. ஆவி வருவது மரத்திலிருந்தும் அட்டைப்பெட்டியிலிருந்தும்தான். ஓக் மரம் மிக மோசம், எம்.டி.எஃப். பலகையும் பிளைவுட்டும் நல்லவை அல்ல. தேக்கு என்றாலும் மூடிய அலமாரி என்றால் நான் நம்ப மாட்டேன். கடலோர ஊர்களின் ஈரக்காற்று இதற்குத் தீனி போடும்.

பொடியை ஊதவோ, காய்ந்த பிரஷால் தட்டவோ கூடாது. அது நஞ்சு. கையுறையும் முகக்கவசமும் போட்டு, சோப்புத் தண்ணீருக்குள்ளேயே வைத்து மென்மையான பிரஷால் கழுவி, நன்றாக உலர்த்தி, தாமதிக்காமல் பிரைமர் பூசுங்கள். மூக்கும் விரல்களும் அரித்துப்போயிருந்தால் அவை திரும்பி வராது. அந்த உருவத்தை மற்றவற்றிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. வைப்பதற்குக் கண்ணாடியும் உலோகச் சட்டமும் உள்ள அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம்.

காரீயத்தைத் தொடுகிற எல்லா வேலைக்கும் சேர்த்து: அரம் போட்ட தூளை ஈரத்துணியால் துடையுங்கள், மேசையில் காபி டம்ளர் வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் இருக்கும் அறையில் செய்யாதீர்கள். நுனி கூர்மையாக வேண்டும் என்று பிரஷை உதட்டில் வைத்து இழுக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அரமும் பிரைமரும்

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் உருவத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். அதை எடுக்க அரத்தைவிடக் கூரான கத்தியின் முதுகு நல்லது. கோட்டின் போக்கிலேயே லேசாகச் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். அரம் போட்டால் கோட்டோடு சேர்ந்து கந்தலின் நெசவும் போகும். தலைமுடியிலும் சங்கிலிக் கவசத்திலும் கோடு போனால் முழுதாக எடுக்கப் பார்க்காதீர்கள், கத்தி நுனியால் அந்த முடியை மறுபடி கீறிவிடுங்கள். வளைந்துபோன வாளை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே முறை நிமிர்த்த வேண்டும். இப்படியும் அப்படியுமாக ஆட்டினால் ஒடிந்து கையோடு வந்துவிடும்.

ஸ்பிரே பிரைமர் வசதிதான். ஆனால் மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் அது பனி மாதிரி சொரசொரப்பாக உட்காரும், பிறகு அந்த முகத்தில் எதுவும் செய்ய முடியாது. ஐப்பசியில் நான் ஸ்பிரே கேனைத் தொடுவதே இல்லை. பிரஷால் பூசும் பிரைமரை இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுப்பேன். நிறம் வெள்ளையாக இருக்கட்டும். 1980களின் உருவங்கள் பெரும்பாலும் வெள்ளைக்கு மேல் தீட்டப்பட்டவை. அந்தக் காலத்துக்கே உரிய பளிச்சென்ற நிறங்கள் கறுப்புக்கு மேல் வராது.

முகம்

பிரஷ் பற்றி முதலில். மிகச் சின்ன எண் வாங்கினால் நுணுக்கம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். 000 பிரஷில் நிற்கிற பெயின்ட் முகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும். 1ஆம் எண்ணில், வயிறு பருத்து நுனி ஊசியாகச் சேரும் கோலின்ஸ்கி முடி பிரஷ் ஒன்று போதும். வின்சர் அண்ட் நியூட்டனின் சீரிஸ் 7 பிரஷ் 1866இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யப்பட்டது, இன்றும் அதற்கு ஈடு சொல்வது கடினம். விலை அதிகம் என்றால் நல்ல செயற்கை முடி வாங்குங்கள். கீரிமுடி பிரஷ் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது.

பெயின்ட் அக்ரிலிக். நம் ஊர் வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் தட்டில் வைத்தது இரண்டு நிமிடத்தில் தோலாகிவிடும். ஒரு சாப்பாட்டு டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச் விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதன் மேல் பெயின்ட் கலந்தால் மாலைவரை நிற்கும். பதம் என்று கேட்டால் தண்ணீர் விட்ட பால். நகத்தின் மேல் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு ஓடிப் பரவாமல், அடியில் நகம் லேசாகத் தெரிந்தால் சரி. அந்தக் காலத்து நிறங்களே வேண்டும் என்றால் கோட் டி ஆர்ம்ஸ் பாட்டில்களைத் தேடுங்கள். 1980களில் சிட்டாடெலுக்கு பெயின்ட் செய்துகொடுத்த மான்செஸ்டர் ஆலையிலிருந்துதான் அவை வருகின்றன.

இனி கோப்ளின். நம் சிற்பிகளும் பொம்மை செய்பவர்களும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், அதற்குச் சடங்கே உண்டு. இங்கே நான் கண்ணை முதலில் வரைகிறேன். காரணம் எளிது. கண் தவறினால் சுற்றியுள்ள தோல் நிறத்தை வைத்தே திருத்தலாம். தோலை முடித்துவிட்டுக் கண்ணில் தவறினால் முகம் முழுதும் மறுபடி செய்ய வேண்டும். கண்குழியை அடர்பழுப்பால் நிரப்புங்கள். அதற்குள், ஓரங்களில் பழுப்பு ஒரு கோடாக மிஞ்சும்படி, மஞ்சள் கலந்த வெள்ளை. இரண்டு முழங்கைகளும் மேசையில், இரண்டு மணிக்கட்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கட்டும். மூச்சை விட்டு, அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டு கண்ணும் நேராகப் பார்க்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் எதையோ திருடப் பார்க்கிற பார்வை கோப்ளினுக்குப் பொருந்தும். புள்ளிகளைக் கண்ணின் ஒரே பக்கத்து ஓரத்தில் வைத்தால் அது வந்துவிடும்.

தோலுக்கு நடுத்தரமான பச்சை, இரண்டு மெல்லிய பூச்சு, கண்ணின் பழுப்புக் கோட்டை விட்டுவிட்டு. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், முகம் அழுக்காகத் தெரியும். பச்சையில் துளி செம்பழுப்பு கலந்தாலே இருண்டு, உயிரோடு இருக்கும். கெவின் ஆடம்ஸின் முகங்களில் மூக்கின் இரு ஓரத்திலிருந்தும் சுருக்கங்கள் வளைந்து இறங்கி, கன்னத்தை ஓர் உருண்டையாகத் தள்ளி நிறுத்தும். இளிப்பு அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது, வாயில் இல்லை. நீர்த்த நிழல் நிறத்தை அந்தச் சுருக்கத்தின் போக்கிலேயே இழுங்கள். முகம் முழுக்க அந்த நீர்த்த நிறத்தைக் கொட்டினால் அது தேங்கி, உருண்டையும் பள்ளமும் ஒன்றாகிவிடும். நான் பார்த்த பழைய கோப்ளின்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் கெட்டிருக்கின்றன.

பிறகு வெளிச்சம். பச்சையோடு மஞ்சள் சேர்த்துக் கன்ன உருண்டையின் மேல்பாதி, மூக்குத் தண்டு, கீழுதடு, முகவாய், காதின் விளிம்பு. அதே கலவையில் எலும்பு வெள்ளை கொஞ்சம் சேர்த்து, இன்னும் சிறிய இடங்களில் மறுபடி ஒரு சுற்று. கடைசியாக, சிவப்பில் ஒரு துளியை நிறையத் தண்ணீரில் கரைத்து, மூக்கு நுனியிலும் காது மடலிலும் ஒரே ஒரு தொடுகை. சளி பிடித்தவன் மூக்கு மாதிரி சிவந்ததும் அது உலோகமாக இருப்பதை நிறுத்திவிடும். பற்களுக்கு வெள்ளை கூடாது, தந்த நிறம், ஈறை ஒட்டிப் பழுப்பு. ஒரு முகத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனால் பதறாதீர்கள். கந்தலையும் தோல் வாரையும் அரை மணியில் முடித்துவிடலாம். பார்ப்பவர் கண் அங்கே நிற்பதில்லை.

கேடயத்தில் கையால் ஒரு முகமோ நிலவோ வரைவது அந்தக் காலத்து வழக்கம். உங்களுக்குக் கை வரும் என்றால் வரையுங்கள். வராது என்றால் இரண்டு நிறத்தில் பாதிப் பாதியாகப் பிரித்தாலே அழகு. கச்சிதமான அச்சுப்படத்தை ஒட்டுவதைவிடக் கொஞ்சம் கோணலான கைக்கோடு இந்த உருவங்களுக்குப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

அடித்தட்டும் வார்னிஷும்

கோப்ளினுக்கு 20 மில்லிமீட்டர் சதுரம். அந்தக் காலத்துத் தட்டு கூடவே வந்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மணல் ஒட்டிப் பச்சை பூசி, விளிம்பையும் பச்சையாக்குவது அப்போதைய பாணி. இப்போது பலர் வைக்கும் காய்ந்த புல்லும் உடைந்த செங்கல்லும் தனியாக அழகுதான், ஆனால் 1980களின் உருவத்துக்குக் கீழே அவை வேறு காலத்துத் தரை மாதிரி தெரியும். உருவத்தைத் தட்டில் செருகி, வெட்டின் இரு முனையிலும் ஒரு சொட்டு பசை போதும். பட்டை முழுக்க ஃபெவிக்விக் ஊற்றினால் அடுத்து கழற்றுபவர் பாதத்தையே பெயர்த்துவிடுவார்.

வார்னிஷ் அக்ரிலிக் மேட், பிரஷால், ஒரு பூச்சு. பாலியூரித்தேன் வேண்டாம், ஆண்டுகள் போனால் மஞ்சளாகும், எடுக்கவும் வராது. கண்ணிலும் கத்தியின் விளிம்பிலும் மட்டும் பிறகு பளபளப்பு வார்னிஷ் ஒரு புள்ளி.

முடிந்ததும் கால் பக்க அளவில் ஓர் அட்டை வெட்டி எழுதுங்கள்: பட்டையில் இருந்த எழுத்துகள், வாங்கிய ஆண்டு, பழைய பெயின்டை எடுத்தீர்களா, எதனால் எடுத்தீர்கள், பயன்படுத்திய நிறங்கள், வார்னிஷ், உங்கள் பெயர், தேதி. அடுத்த சொந்தக்காரர் ஒரு கீறலைத் திருத்த நினைத்தால் எந்தப் பச்சை என்று தேட வேண்டியிருக்காது. அட்டை அமிலமில்லாத காகிதமாக இருக்கட்டும், உருவத்தோடு அல்லாமல் தனி உறையில் வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.